லூர்தம்மாள் டீச்சரும் முகத்துவார ராணியும்

"தல நெறைய பூ வெச்சிகினு எவளாவது கத்தி எடுப்பாளா டீச்சர்?"

லூர்தம்மாள் டீச்சரிடம் இப்படிக் கேட்டவர் நாடக வாத்தியார் கோவிந்தசாமி. ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டியிருந்த ஒரு கயிற்றுக் கிடங்கில் அப்போது உட்கார்ந்திருந்தோம். துறைமுகத் தொழிலாளர் நாடக மன்றத்தின் ஒத்திகைகள் அங்கேதான் நடக்கும். டீச்சர் தாம் எழுதிய முதல் நாடகத்தை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் சுற்றியிருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் கூடவே சிரித்தார். பிறகு, "பூ தலையிலதானே இருக்கு வாத்தியாரே, கையிலயா இருக்கு?" என்றார்.

அந்தப் பதில் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை உட்கார விடவில்லை. அன்று காலை திருவொற்றியூரில் என் வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிங்காரம் சைக்கிளைப் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்றான். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவன். அந்நாளில் மன்றத்தில் பெண் வேஷம் கட்டியவன். லூர்தம்மாளோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள் என்பதால் என்னையும் அவன் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். தெருமுனையிலிருந்தே "டீச்சர், காபி கீதா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவதுதான் அவன் வழக்கம். அன்று பேசாமல் நின்றான்.

"இன்னும் என்ன அங்கேயே நிக்கிற? உள்ள வா."

"லூர்து டீச்சர் பூட்டாங்கம்மா. காலைல கோயில் மணி அடிக்க சொல்லோ."

"ராத்திரி சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"கஞ்சி குடிச்சிட்டு, தலய வாரி பின்னிகினுதான் படுத்தாங்களாம்" என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் நடந்தது. வந்திருந்த உங்களில் பலரை அங்கே பார்த்தேன். சாமியார் ஜெபம் சொல்லி முடித்த பிறகு ஒவ்வொருவராக நான்கு வார்த்தை பேசினார்கள். அன்போடுதான் பேசினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் "பெண் உருவில் வந்த ஆண்" என்றார். இன்னொருவர் "ஆம்பள மாதிரி வாழ்ந்தாங்க" என்றார். மூன்றாவதாகப் பேசியவர் மீசையை மட்டும்தான் சேர்க்கவில்லை. என்னால் நிற்க முடியவில்லை. செருப்பில் மணல் புகுந்ததுபோல் பாவனை செய்துகொண்டு சுவரோரம் போய்விட்டேன்.

அங்கேதான் எத்திராஜ் என்னைப் பிடித்தான். எத்திராஜ் இப்போது மன்றத்தின் செயலாளர், சுறுசுறுப்பான பையன். டீச்சரின் நினைவாக அவருடைய 'முகத்துவார ராணி' நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போவதாகச் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். உடனே அவன், "கடைசி சீன்ல மட்டும் சின்ன மாத்தம் டீச்சர். ராணிக்கு நிஜாரும் தலப்பாவும் குடுத்துடறோம்" என்றான்.

"ஏன்?"

"இந்த தபா மெய்யாலுமே ஒரு பொண்ணே நடிக்குது டீச்சர். விமலான்னு பேரு, பழைய வண்ணாரப்பேட்டை. சண்ட சீன்ல வில்லன் முந்தானைய புடிச்சி இழுக்கறான் இல்ல? அவங்கம்மா கூடாதுன்ட்டாங்க. நாலு பேரு பாக்க சொல்லோ ஓர் ஆம்பள எம் பொண்ணு முந்தானைய இழுப்பானான்னு ஒரே பேஜாரு. நிஜாருன்னா அந்த வம்பே இல்ல பாருங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர் கூடவே இருந்தவங்க நீங்கதான். நீங்க சரின்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழம ஒத்திகை. அதுக்குள்ள சொல்லிடுங்க" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஒரு தாயின் பயமும் அதற்குள் இருக்கிறது. அதனால்தான் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த முந்தானையை எடுத்துவிட்டால் லூர்தம்மாள் டீச்சர் எழுதிய நாடகத்தில் என்ன மிச்சம் இருக்கும்? அதை யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். மன்றம் போடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் போதும் என்று எத்திராஜ் சொல்லியிருந்தான். ஒரு பக்கத்தில் அடங்காது.

பள்ளியில் டீச்சரைப் பார்த்தவர்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. டிராமிலிருந்து இறங்கி வரும்போதே முகத்துப் பவுடர் கலையாமல் இருக்கும். சேலைக்குப் பொருத்தமாகக் கண்ணாடி வளையல். வகுப்பில் கரப்பான்பூச்சி வந்தால் பாடத்தை விட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறிக்கொண்டு, "யாராவது அத எடுங்கம்மா" என்று கத்துவார். பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். தெரிந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அதே டீச்சர் ஒருநாள் குடை பிடித்த கதையையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகப்பனார், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். மகளை அன்று முதல் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்புவதாகப் பேசி முடித்திருந்தாராம். நான் பக்கத்து அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

"இன்னா டீச்சர், எம் பொண்ண நான் இட்டுகினு போறதுக்கு உங்கையில கேக்கணுமா?"

"கேக்க வேணாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் வெளில உக்காருங்க. அப்புறம் பேசலாம்."

"நான் அவ அப்பன்!"

"தெரியுதே. மூக்கு அதே மூக்கு."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. டீச்சரின் தோளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார். கதவில் மாட்டியிருந்த குடை எப்போது டீச்சரின் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் வளைந்த பிடி அவர் கணுக்காலில் மாட்டியது. அடுத்த நொடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு, ஒரு பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரிடம் கொடுத்தார். பிறகு தம் கையைப் பார்த்து, "ஐயையோ, வளையல் ஒடைஞ்சிபோச்சி. புதுசுங்க" என்றார். உண்மையான துக்கத்தோடு சொன்னார். அந்த மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "மன்னிச்சிக்க டீச்சர்" என்றார். எதற்கு மன்னிப்புக் கேட்டார், வளையலுக்கா, தள்ளியதற்கா? அவருக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெண் அந்த வருஷம் பரீட்சை எழுதினாள்.

இதில் ஆண் எங்கே இருக்கிறான் என்று கல்லறையில் பேசியவர்களைக் கேட்கத் தோன்றியது. வகுப்பில் சொல்வதுபோல் ஓர் உதாரணம் சொல்கிறேன். சுண்ணாம்புக்கட்டி வெள்ளையாக இருக்கிறது, எழுதவும் எழுதுகிறது. எழுதும்போது அது வெண்மையை விட்டுவிடுவதில்லை. வெண்மை எழுத்துக்கு இடைஞ்சலும் இல்லை. உதாரணம் அவ்வளவு சரியில்லை, சுண்ணாம்புக்கட்டி தேய்ந்துபோகும். ஆனாலும் நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். வளையலுக்காக வருந்திய கைதான் குடையையும் பிடித்தது.

மதிய இடைவேளையில் வாராந்தரிகளில் வரும் தொடர்கதைகளை டீச்சர் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். ராஜா ராணிக் கதைகள் என்றால் உயிர். அதிலும் வாள் எடுக்கும் பெண் வந்துவிட்டால் டிபன் டப்பா திறந்தபடியே கிடக்கும். ஆனால் படித்து முடித்ததும் சண்டை பிடிப்பார். "குதிரை மேல வந்தா, எதிரிகள வெட்டினா, சரி. இவ தலை வாரினது எப்போ? என்ன கட்டியிருக்கா? எழுதினவருக்கே தெரியல சரசு" என்பார். அந்தக் கதைகளில் இன்னொரு வகையும் உண்டு. அதில் பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு போருக்குப் போவாள். கடைசியில் தலைப்பாகை நழுவிக் கூந்தல் அவிழும். எதிரி மயங்கி நிற்பான், இவள் நாணித் தலை குனிவாள். அப்படி ஒரு கதை முடிந்த அன்று டீச்சர் பத்திரிகையை மேஜையில் போட்டுவிட்டு, "தலைப்பாகை விழுந்துச்சி, கூந்தல் விழுந்துச்சி, வாளும் விழுந்துச்சி. அப்போ வீரம் தலைப்பாகையிலதான் இருந்துச்சா?" என்றார்.

கைகழுவப் போய்விட்டோம். அவர்தான் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்படி வந்தவள்தான் முகத்துவார ராணி. எண்ணூர்க் கழிமுகம் போன்ற ஓர் இடத்தை ஆண்ட தலைவன் இறந்துவிடுகிறான். மகள் பொறுப்பேற்கிறாள். கடல் வழியே வரும் கொள்ளைத் தலைவன் ஒருவன் முதலில் அவளைப் பெண் கேட்கிறான், பிறகு படையோடு வருகிறான். அவளுக்குப் படகு கட்டும் ஒருவன்மேல் காதல். இரண்டாம் காட்சியில் அவனுக்கு மீன் குழம்பு வைக்கிறாள், உப்பு கூடிப்போனதற்கு அழுகிறாள். கடைசிக் காட்சியில் மணல்திட்டில் கொள்ளைத் தலைவனோடு தனியாக வாள் வீசுகிறாள். "இவளேதான் அவளும். ரெண்டு பொம்பள இல்ல" என்று டீச்சர் எனக்கு விளக்கினார்.

செய்து பார்க்காத எதையும் அவர் எழுதமாட்டார். ஒரு சனிக்கிழமை ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டு முந்தானை நுனியை என் ஒரு கையிலும், வாளுக்குப் பதிலாக ஓர் அடிக்கோலை மறு கையிலும் கொடுத்தார்.

"இழு சரசு."

இழுத்தேன்.

"மாவு பிசையற மாதிரி இழுக்காத. எம்மேல ஆத்திரம் இருக்கிற மாதிரி இழு."

இழுத்தேன். அவர் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார். தோளில் குத்தியிருந்த ஊசி தெறித்தது, துணி கிழிந்தது. கிழிசலை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். மறுபடி இழுக்கச் சொன்னார். இந்தத் தடவை அவர் எதிர்க்கவில்லை. நான் இழுத்த பக்கமே, என்னை நோக்கி, ஓர் அடி வந்தார். இழுத்துப் பிடித்திருந்த துணி தொங்கிப்போனது. அந்தத் தொங்கலை அடிக்கோல் பிடித்த என் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைக் கடந்து போனார். சுருக்கு இறுகியது. என் கையிலிருந்த அடிக்கோல் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியைத் தட்டிக்கொண்டு கீழே விழுந்தது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பியூன் எங்களைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

"இழுக்கிறவன் பக்கமா போனா துணி தளருது, பாத்தியா?" என்றார் டீச்சர். முகமெல்லாம் வேர்வை, பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

கதைகளில் ஒரு பெண்ணின் முந்தானையில் கை வைத்தால் அவள் தோற்றுவிட்டாள் என்று அர்த்தம். டீச்சர் அதே இடத்தில் எதிரியைத் தோற்கவைத்தார். நாடகம் முழுவதும் அந்த ஓர் அடிக்காகத்தான் எழுதப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒத்திகையில் அது நடக்கவில்லை. ஆண்கள் கூடும் இடத்துக்கு ஒரு பெண் தனியாகப் போவது அழகில்லை என்பதால் டீச்சருக்குத் துணையாக நான் தினமும் போவேன். கோணிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ராணியாக நடித்த சிங்காரம் பெண் வேஷத்தில் கெட்டிக்காரன். நடையும் பேச்சும் அப்படியே இருக்கும். ஆனால் வாளை எடுத்து ஒரு சுற்றுத் திரும்பினால் முன்கொசுவம் காலில் சிக்கி விழுவான். எழுந்து திரும்பினால் மறுபடி விழுவான்.

கோவிந்தசாமி வாத்தியாருக்கு உள்ளூர மகிழ்ச்சி. "பாத்தியா டீச்சர்? நான் அப்பவே சொன்னேன். சேல கட்டிகினு சண்ட ஆவாது. நிஜாரு போடு, தலப்பா கட்டு. ஊரே அப்பிடித்தான் ஆடுது."

"எங்களால முடியலன்னா பொம்பளைங்களால மட்டும் எப்பிடி முடியும் டீச்சர்?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிங்காரமும் கேட்டான்.

டீச்சர் எழுந்து போய் அவன் கட்டியிருந்த சேலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இப்படிக் கட்ட யாருப்பா கத்துக்குடுத்தாங்க?"

"போட்டோ பாத்துதான். ராணிங்க, ஜமீன்தார் வூட்டு அம்மாங்கல்லாம் இப்பிடித்தான கட்டிகினு நிக்கறாங்க?"

"நிக்கறாங்க" என்றார் டீச்சர். "நின்னுகிட்டே இருக்கறாங்க."

பிறகு என்னை அழைத்து ஒரு நுனியைப் பிடிக்கச் சொன்னார். சிங்காரம் போட்டிருந்த அரைக்கால் சட்டைக்கு மேலேயே சேலையைச் சுற்றினார். கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்பக்கம் மடித்துச் செருகினார். கால் இரண்டும் விடுபட்டன. முந்தானையைத் தோள்வழியாகக் கொண்டுவந்து இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினார். "இப்போ திரும்பு."

சிங்காரம் திரும்பினான். விழவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை திரும்பினான். "அட, காலு கீது டீச்சர்!" என்று கத்தினான்.

கோவிந்தசாமி சிரிக்கவில்லை. "இன்னா டீச்சர் இது? பின்கொசுவம் வெச்சிகினு, மீன் விக்கிற பொம்பள மாதிரி. ராணிய இப்பிடி கலீஜா காட்டுனா ஜனம் காறித் துப்பும்."

அந்த மன்றத்தில் இருந்த பாதிப் பேருடைய வீட்டில் பெண்கள் மீன் விற்றார்கள். ஆனால் ராணி அப்படிக் கட்டக்கூடாது என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. ராணி என்றால் போட்டோவில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். நிற்கிற ராணியால் சண்டை போட முடியவில்லை என்றால், பெண்களால் சண்டை போட முடியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். தவறு கொசுவத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

டீச்சர் பள்ளித் தமிழை அங்கேயே விட்டுவிட்டார். "எங்கம்மா மீன் வித்தவதான் வாத்தியாரே. இப்பிடித்தான் கட்டிகினு, கூடைய தலைல வெச்சிகினு, மணல்ல ஓடுவா. ஒருநாளும் வுழுந்தது கெடையாது. கோயில் திருநாளுக்கு இதே கட்டுல பட்டு கட்டி, தாழம்பூ வெச்சிகினு போவா. எங்க நைனா அவள திரும்பித் திரும்பிப் பாத்துகினே நடப்பாரு. கடக்கரைய ஆண்ட ராணி கடக்கரைக்காரி மாதிரி கட்டாம, எவள மாதிரி கட்டுவா?"

வாத்தியார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "பட்டுல கட்டு. அப்பவாச்சும் ராணின்னு தெரியும்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது.

திருவொற்றியூர் மைதானத்தில் நாடகம் நடந்தது. ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள். திரைக்குப் பின்னால் டீச்சர் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. வளையலை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். மீன் குழம்புக் காட்சியில் நன்றாகச் சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் கொள்ளைத் தலைவன் ராணியின் இடுப்பிலிருந்து முந்தானையை உருவி இழுத்தபோது மைதானம் அப்படியே அடங்கிப்போனது. கைக்குழந்தை ஒன்று அழுதது மட்டும்தான் கேட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "வுடாத தாயி!"

சிங்காரம் அவனை நோக்கி ஓர் அடி வைத்தான். துணி தளர்ந்தது. சுற்றினான், கடந்து போனான், எதிரியின் வாள் விழுந்தது. பிறகு எழுந்த சத்தத்தில் வசனம் எதுவும் கேட்கவில்லை. இதற்கிடையே சிங்காரத்தின் கொண்டையிலிருந்து பூச்சரம் நழுவிக் கீழே விழுந்திருந்தது. அவன் எதிரியின் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டே குனிந்து, பூவை எடுத்து, ஊதி மணலைத் தட்டி, கொண்டையில் செருகிக்கொண்டான். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இத நான் எழுதவே இல்லையே சரசு" என்றார் டீச்சர், என் கையை நெரித்தபடி. "பரவால்ல. இனிமே எழுதினதுதான்."

பின்கொசுவம் தம்முடைய யோசனைதான் என்று கோவிந்தசாமி வாத்தியார் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் மறுத்ததே இல்லை. "சொல்லட்டும். அடுத்த ராணிக்கும் அப்படியே கட்டுவாரு இல்ல?" என்பார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் ஒரு முழம் மல்லி. புது நாடகம் ஒன்று மனத்தில் ஓடுவதாகச் சொன்னார். இந்தத் தடவை ராணிக்கு வயதாகிவிட்டதாம்.

"மூட்டு வலிக்குது சரசு. இந்த மூட்டோட அவ எப்படித் திரும்புவா? குனிஞ்சா எழுந்திருக்க முடியல. உக்காந்துகிட்டே சண்டை போட முடியுமா?"

"பேசாம ராணிக்கு ஓய்வு குடுத்திடேன்" என்றேன்.

"நீ ஓய்வு வாங்கிட்டு சும்மாவா இருக்க?" என்றார்.

வயதான ராணி எப்படித் திரும்புவாள் என்று அவர் கண்டுபிடித்தாரா, எனக்குத் தெரியாது. கல் பொறுக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

இதுவரை எழுதியது சனிக்கிழமை. இன்று திங்கட்கிழமை. எத்திராஜுக்கு என்ன சொல்வது என்று அன்று எழுதி எழுதியும் முடிவுக்கு வர முடியவில்லை. அந்தத் தாயின் பயத்தைத் தள்ளிவிட எனக்கு என்ன உரிமை? மேடையில் நிற்கப்போவது நான் இல்லையே. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்றும் தெரியவில்லை. ஆகவே நேற்று ஒத்திகைக்கு நானே போனேன்.

விமலா ஒல்லியான பெண். நெற்றியில் பெரிய பொட்டு. விரல் நகங்களுக்கு மருதாணி இட்டிருந்தாள். நிஜார் அணிந்து, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் அம்மா கோணிமேல், நான் அந்நாளில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அந்த அம்மாளிடம்தான் முதலில் பேசினேன். "ஆம்பள யாரும் கை வைக்க வேணாம்மா. நான் இழுக்கிறேன். ஒரு தடவை பாருங்க. பிடிக்கலன்னா நிஜாரே இருக்கட்டும்."

"நீங்க இழுத்தா மட்டும் இன்னா? மேடைல அந்தாளு தான இழுப்பான்?"

"பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். மகள் ஏற்கெனவே தலைப்பாகையைக் கீழே வைத்துவிட்டாள். சிங்காரம் ஓடிப்போய்ப் பட்டுச்சேலையை எடுத்து வந்தான். நிஜாருக்கு மேலேயே பின்கொசுவம் வைத்து நான்தான் கட்டிவிட்டேன். வாளுக்குப் பதில் ஒரு கையில் கோல் ஒன்றை வைத்துக்கொண்டு, மறு கையால் முந்தானையைப் பிடித்து, ஆத்திரம் இருப்பதுபோல் இழுத்தேன். எல்லோரையும்போல அவளும் எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

"அங்க இல்ல. என் பக்கம் வா" என்றேன்.

வந்தாள். துணி தளர்ந்தது. கோல் பிடித்த என் கிழட்டு மணிக்கட்டில் அதைச் சுற்றிவிட்டுக் கடந்து போனாள். கையிலிருந்த கோல் விழுந்தது. விமலா திரும்பிப் பார்த்தாள், விழுந்த கோலை, என் கையை, தன் கையிலிருந்த துணியை. அவள் கண்கள் பெரிதாகியிருந்தன.

"டீச்சர்," என்றாள், "இன்னொரு வாட்டி இழுங்க."

மறுபடி மறுபடி இழுத்தேன். கடைசியில் அவள் அம்மா எழுந்து வந்தார். என்னை நகர்த்திவிட்டு முந்தானையைத் தாமே பிடித்துக்கொண்டு, "எங்க, எங்கிட்ட செய் பாக்கலாம்" என்றார். அவர் கையும் மாட்டிக்கொண்டது. சுருக்கிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். "அந்தாளு இழுக்கட்டும்" என்றார் பிறகு. "நல்லா இழுக்கட்டும்."

எத்திராஜ் தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டினான். "அப்ப இத இன்னா பண்றது டீச்சர்? தச்சாச்சே."

"நீ போட்டுக்க" என்றான் சிங்காரம்.

லூர்தம்மாள் டீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், அந்த ஓர் அடி. நான் சண்டைக்காரி இல்லை, இனி ஆகப்போவதும் இல்லை. ஆனால் என்னை யாராவது இழுக்கும்போது பின்னால் போவதா முன்னால் போவதா என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன். அந்தக் கணம் அவர் கொடுத்தது.

நாடகம் பார்க்க வரும் முன் வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். பெண்களும் ஆண்களும்தான், வெட்கப்பட வேண்டாம். பின்கொசுவம் வைத்து ஒரு சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள். முந்தானையின் நுனியை உங்களைவிடப் பலசாலியான ஒருவர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். அவர் இழுக்கும்போது, அவரை நோக்கி ஓர் அடி வையுங்கள்.